கடைசிக் காட்சி வரை நல்லவர்

திரை விலகிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மேடையில் ஒரு கூடம், ஒரு ஊஞ்சல், சிவப்பாக ஒரு டெலிபோன். கதவைத் தள்ளிக்கொண்டு ராமதுரை உள்ளே வந்தார். கையில் டிபன் கேரியர். "அம்மாடி, உனக்குப் பிடிக்குமேன்னு அடை வார்க்கச் சொல்லி எடுத்துட்டு வந்திருக்கேன்" என்று கதாநாயகியிடம் நீட்டினார்.

இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு அம்மாளின் குரல் கணீரென்று கேட்டது: "இவன்தான்!"

சபா மொத்தமும் சிரித்தது. நாடகம் ஒரு மர்ம நாடகம். கொலையே இன்னும் நடக்கவில்லை. அதற்குள் கொலைகாரனைப் பிடித்துக் கொடுத்துவிட்டார் அந்த அம்மாள்.

ராமதுரை ஒரு கணம் நின்றார். பிறகு வேஷம் கலையாமல் அந்த வரிசைப் பக்கம் திரும்பி, "ஆமாம்மா, நான்தான் வந்திருக்கேன். உங்களுக்கும் ஒரு அடை வேணுமா?" என்றார். முன்னைவிடப் பெரிய சிரிப்பு, கைதட்டல். நாடகம் பிழைத்தது.

நான் மேடையின் பக்கவாட்டில், படுதாவுக்குப் பின்னால், இரண்டு டேப் ரிக்கார்டர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி அவர் என் பக்கம் திரும்பியபோது முகத்தைப் பார்த்தேன். அதில் ரத்தமே இல்லை.

சபையோர் சிரித்தால் நடிகனுக்குச் சந்தோஷம்தானே என்று நினைப்பீர்கள். அன்றைக்கு அந்தச் சிரிப்பு அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டது என்னவென்று எனக்குத் தெரியும்.

ஆறு மணிக்கு மேல் கலைஞர்கள்

உளுந்தை முறத்தில் உருட்டி மழைச் சத்தம் செய்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அந்த மழை பெய்ததெல்லாம் இந்தக் குழுவின் நாடகங்களில்தான். தொண்ணூறுகளின் தொடக்கம். வீட்டுக்கு வீடு கேபிள் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் மயிலாப்பூர் சபாக்களில் சாயங்கால நாடகத்துக்குக் கூட்டம் வந்தது. முன்வரிசை முழுக்கப் பட்டுப்புடவையும் பிளாஸ்க்கும்.

எங்கள் குழுவில் யாருக்கும் நாடகம் தொழில் இல்லை. நான் நந்தனத்தில் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா. நாடகம் எழுதி இயக்கிய கிட்டு, ஒரு கம்பெனியில் கணக்கு பார்த்தவர். ராமதுரை அரசாங்க ஆபீஸில் தபால் பிரிக்கும் பிரிவு. அசோக் நகரில் வீடு, கோமதி என்று மனைவி, கல்யாணம் செய்துகொடுத்த ஒரு பெண்.

ராமதுரையைப் போல ஒரு சாதுவை நான் பார்த்ததில்லை. வட்ட முகம், வழித்த மீசை, யாரோடும் சண்டைக்குப் போகாத குரல். சட்டைப் பையில் எப்போதும் பெப்பர்மிண்ட் இருக்கும். ஒத்திகைக்கு வந்தவுடன் எல்லோருக்கும் ஒன்று கொடுப்பார், தானும் ஒன்று போட்டுக்கொள்வார்.

அந்த முகத்தைப் பார்த்துத்தான் கிட்டு அவரை வில்லனாக்கினார்.

"ஓய், கொள்ளிக்கட்டைக் கண்ணும் முறுக்கு மீசையுமா ஒருத்தனை நிறுத்தினா, திரை தூக்கும்போதே தெரிஞ்சுபோயிடும். நமக்கு வேண்டியது, பக்கத்தாத்து மாமா மாதிரி ஒருத்தர். பார்த்தா குழந்தையை அவர்கிட்ட கொடுத்துட்டுக் கடைக்குப் போகத் தோணணும். அவர்தான் கழுத்தை நெரிக்கணும்."

கிட்டுவின் சட்டங்கள்

ஒளிந்திருக்கும் வில்லனைப் பற்றிக் கிட்டு மணிக்கணக்கில் பேசுவார். லஸ் முனையில் காபி குடித்துக்கொண்டே கேட்ட அந்தப் பேச்சு எனக்கு இன்றும் மனப்பாடம்.

முதல் சட்டம், வில்லன் முதல் காட்சியிலேயே மேடையில் இருக்க வேண்டும். "கடைசி சீன்ல தெருவோட போறவனை இழுத்துண்டு வந்து, இவன்தான் கொன்னான்னு சொன்னா, டிக்கெட் வாங்கினவன் செருப்பால அடிப்பான். அடிக்கணும்!"

அடுத்ததுதான் அவருக்குப் பெருமை. தடயத்தை ஒளிக்கக் கூடாது. "எல்லார் கண்ணுக்கும் எதிர்லயே வைக்கணும். வச்ச கையோட ஒரு ஜோக்கைப் போட்டுடணும். சிரிச்ச சிரிப்புல அதை ஜனங்க மறந்துடுவா. கடைசில ஞாபகம் வரும்போது, அடடா, நம்ம எதிர்லதானே இருந்துதுன்னு வயத்தைப் பிசையும் பாருங்கோ, அதுதான் ஓய் சஸ்பென்ஸ்."

இடைவேளையில் கேன்டீனில் போய் நின்றால் இந்த வித்தை பலித்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். கீரை வடையைக் கையில் வைத்துக்கொண்டு, டாக்டர்தான் என்பார் ஒருவர், டிரைவர்தான் என்பார் இன்னொருவர். ஒவ்வொரு நாடகத்துக்கும் வரும் ஒரு பெரியவர் முதல் காட்சியிலேயே தூங்கிவிட்டு, கடைசிக் காட்சிக்குச் சரியாக எழுந்து, "எனக்கு அப்பவே தெரியும்" என்பார். எதைப் பார்த்துத் தெரிந்துகொண்டார் என்று இன்றுவரை விளங்கவில்லை.

முதல் நாடகத்தில் ராமதுரையை யாரும் சந்தேகப்படவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் பட்சணம் கொடுத்தார், ஆறுதல் சொன்னார், இழவு வீட்டில் எல்லோருக்கும் காபி கலந்தார். கடைசியில் விளக்கு மங்க, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, ஒரு சிரிப்புச் சிரித்தார். அடிவயிற்றிலிருந்து மெதுவாகக் கிளம்பி, படிப்படியாக ஏறி, கூரையில் போய் முட்டும் சிரிப்பு. முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அப்புறம் கைதட்டல்.

அன்றைக்கு ஒப்பனையைக் கலைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"முப்பது வருஷமா ஆபீஸ் போறேன். நான் வந்தேனா வரலையான்னு ஒருத்தரும் நிமிர்ந்து பார்த்ததில்லை தம்பி. இன்னிக்கு அஞ்சு நிமிஷம் அத்தனை பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு என்னையே பார்த்தாங்க. எனக்கு அது போதும்."

போதும் என்றுதான் சொன்னார். ஆனால் அதற்கப்புறம் அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் அவர் வாழ்ந்தார் என்று அடித்துச் சொல்வேன்.

மெத்தை அறையில் ஒரு மத்தியானம்

ஒரே தந்திரம் எத்தனை முறை பலிக்கும்? இரண்டாவது நாடகத்திலும் அவர்தான் வில்லன், மூன்றாவதிலும் அவர்தான். நாலாவதில் அவர் உள்ளே நுழைந்தபோது கூட்டத்தில் கிசுகிசு கிளம்பியது. ஐந்தாவதற்குப் புதிதாக ஏதாவது செய்தாக வேண்டும் என்று கிட்டு ஒரு யோசனை சொன்னார். கடைசிக் காட்சியில் மொத்த விளக்கையும் அணைத்துவிடுவது. இருட்டில், சபாவின் நாலு மூலையிலிருந்தும் சிரிப்பு மட்டும் வர வேண்டும். பிறகு விளக்கைப் போட்டால், நடுமேடையில் ராமதுரை.

அதற்குச் சிரிப்பைப் பதிவு செய்ய வேண்டும். பெசன்ட் நகரில் என் வீடு. கடற்காற்று ஜன்னலைப் போட்டு உலுக்கும். சாமான் அறையில் சுற்றிலும் மெத்தைகளைச் சாய்த்து நிறுத்தி, நடுவில் ராமதுரையை நிற்க வைத்து மைக்கைப் பிடித்தேன். கிட்டு ஒரு டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார். ஒரே புழுக்கம்.

முதல் தடவை சரியாக வரவில்லை. நடுவில் இருமினார். இருமிவிட்டு ஏதோ சொன்னார், நாங்கள் மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் ஒரு பெப்பர்மிண்டை வாயில் போட்டு ஒதுக்கிக்கொண்டு, தண்ணீர் குடித்து, அடுத்த தடவை பிரமாதமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை மட்டும் வேறொரு கேசட்டில் ஏற்றிக்கொண்டேன்.

"நல்லதாப் போச்சு, தொண்டை நாளுக்கொரு மாதிரி இருக்கு. மேடையில நான் வாயைத் திறந்தா போதும், மிச்சத்தை உங்க மெஷின் பார்த்துக்கும்" என்றார்.

அந்த ஐந்தாவது நாடகத்தின் முதல் நாளில்தான் அந்த அம்மாள் "இவன்தான்" என்று கூவினார். கடைசியில் விளக்கு அணைந்தது, நாலு மூலையிலிருந்தும் சிரிப்பு புறப்பட்டது. ஆனால் விளக்கு வந்தபோது ஒருவருக்கும் தூக்கிவாரிப் போடவில்லை. ரொம்ப நாள் பழகிய மாமாவை வழியில் பார்த்த மாதிரி சிரித்துக்கொண்டே கைதட்டினார்கள்.

நல்லவர் வேஷம்

அடுத்த வாரம் ஒத்திகைக்குக் கூடியபோது கிட்டு சொல்லிவிட்டார்.

"ராமதுரை, கோவிச்சுக்காதீங்கோ. அடுத்த நாடகத்துல நீங்க நல்லவர். கடைசி வரைக்கும் நல்லவர். ஜனங்க உங்களையே பார்த்துண்டிருப்பா, அந்த நேரத்துல வேற ஒருத்தன் தப்பிச்சுண்டிருப்பான். எப்படி யோசனை?"

யோசனை அருமைதான். குழுவில் எல்லோரும் ஆகா என்றார்கள். ராமதுரை பெப்பர்மிண்ட் காகிதத்தை விரலில் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"அப்ப கடைசி சீன்ல எனக்கு என்ன வேலை கிட்டு?"

"ஓரமா நின்னு கண்ணைத் தொடைச்சுப்பேள்."

"அதைத்தானேய்யா ஆபீஸ்லயும் வீட்லயும் பண்ணிக்கிட்டிருக்கேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வெளியே வந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் என்கூட நடந்தவர் அந்தக் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டேதான் வந்தார்.

நல்லவர் வேஷத்துக்கு ஒத்திகை நடக்க நடக்க அவர் குரல் கம்மிக்கொண்டே போனது. மனசு உடைந்துபோய் நடிக்கிறார் என்று நான் நினைத்தேன். "இந்தக் கரகரப்பு சோக சீனுக்குப் பாந்தமா இருக்கு, அப்படியே வச்சுக்கோங்கோ" என்றார் கிட்டு. ஒரு நாள் வசனத்தின் நடுவில் வெறும் காற்றுதான் வந்தது.

டாக்டர்கள் பார்த்தார்கள். தொண்டையில் வளர்ந்திருந்தது புற்று. உயிரைக் காப்பாற்றக் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள், எடுத்தார்கள். கழுத்தில் மூச்சுவிட ஒரு துளை. இனி ஆயுசுக்கும் பேச்சு இல்லை.

நாடகத்தை நிறுத்திவைத்தோம்.

இல்லாத மீசை

கொஞ்சம் தேறியதும் கிட்டுவும் நானும் அசோக் நகருக்குப் போனோம். வாசலில் கோமதி அம்மாதான் நின்றிருந்தார். கணவரின் நாடகம் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. "ஊரே அவரைக் கொலைகாரன்னு கைதட்டும், அதை நான் வேற உக்காந்து பார்க்கணுமா?" என்பார்.

கிட்டு சுற்றி வளைக்கவில்லை. "ராமதுரை, ஒரு நாடகம் எழுதிண்டிருக்கேன். அதுல வாய் பேச முடியாத ஒரு பெரியவர். சால்வையைப் போர்த்திண்டு சாய்வு நாற்காலியில உக்காந்திருப்பார். நீங்கதான் பண்ணணும்."

ராமதுரை எங்களைப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கி, வழித்த மேலுதட்டின் மேல் இல்லாத மீசையை மெதுவாக முறுக்கி, புருவத்தை உயர்த்தினார். வில்லனா?

"பின்னே!" என்றார் கிட்டு.

அந்த மனுஷர் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுக் கோமதி அம்மா சமையலறைக்குள் போய்விட்டார். மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

தி.நகரில் ஒரு சாயங்காலம்

நாடகம் தி.நகரில் ஒரு மண்டபத்தில். திரை இழுக்கும் முனியனுக்கு எங்கள்மேல் ஆத்திரம்.

"இன்னா சார் இது? பேச்சே வராத மனுசனைக் கொண்டாந்து குந்த வச்சிகினு கீறீங்க? பாவமா இல்ல? ஊட்ல படுக்க வெக்காம?"

"அவர் இஷ்டம் முனியா."

"இன்னா இஷ்டமோ" என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு முறைத்தான்.

திரை விலகியது. சாய்வு நாற்காலியில் சால்வையைக் கழுத்துவரை சுற்றிக்கொண்டு ராமதுரை. நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'இவன்தான்' என்று யாராவது சொல்வார்களா? ஒருவரும் சொல்லவில்லை. அவருக்கு வந்தது ஊருக்குத் தெரியும். இவ்வளவு இளைத்துப்போய்விட்டாரே என்று "உச்" கொட்டினார்கள். இடைவேளையில் கேன்டீன் பக்கம் போனேன். டாக்டர் என்றார்கள், மருமகன் என்றார்கள். ராமதுரையின் பெயரை எடுத்தவர்கள்கூட, "கடைசியா ஒரு தடவை மேடையில உக்கார வச்சிருக்காங்க, நல்ல காரியம்" என்றுதான் சொன்னார்கள்.

எத்தனையோ வருடத்துக்கு அப்புறம் அவர் மறுபடி ஒளிந்துகொண்டுவிட்டார். அந்த வியாதிதான் அவரை ஒளித்துக் கொடுத்தது. அதை நினைத்தபோது எனக்குச் சந்தோஷமாகவா இருந்தது?

கடைசிக் காட்சி. போலீஸ் அதிகாரி மருமகனைப் பிடித்தாயிற்று. எல்லாம் முடிந்தது என்று கூட்டம் செருப்பைத் தேட ஆரம்பித்தபோது மொத்த விளக்கும் அணைந்தது. நான் பொத்தானை அழுத்தினேன்.

என் சாமான் அறையில் பதிவான சிரிப்பு இருட்டில் மெதுவாகக் கிளம்பி, ஏறி, கூரையைத் தொட்டது. விளக்கு வந்தது. நாற்காலி காலி. சால்வை கீழே கிடந்தது. நடுமேடையில் ராமதுரை, வாயைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து நின்றார்.

சபையில் மூச்சுச் சத்தம் இல்லை. ஒரு அம்மாள் "ஐயோ" என்றார். பிறகு எழுந்து நின்று தட்டினார்கள் பாருங்கள், அந்த மாதிரிக் கைதட்டலை நான் அதற்கப்புறம் கேட்கவில்லை. முனியன் கயிற்றைப் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். திரையைப் போட மறந்துவிட்டான்.

டேப்பில் சிரிப்பு முடிந்துவிட்டது. ராமதுரையின் தோள்கள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தன. அவர் நிஜமாகவே சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வரவில்லை, அவ்வளவுதான்.

பின்வரிசையில் கோமதி அம்மா உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவர் பார்த்த ஒரே நாடகம் அது. ராமதுரைக்கும் அதுதான் கடைசி. அடுத்த மழைக்காலத்துக்கு அவர் இல்லை.

ஒரு குரல் கேட்டு

சில மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோமதி அம்மா தன்னந்தனியாகப் பெசன்ட் நகருக்கு வந்தார். பஸ்ஸில் வந்த களைப்பு. தண்ணீர் கொடுத்தேன். தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி, உங்ககிட்ட அவர் குரல் இருக்கா?"

நான் எதிரே உட்கார்ந்தேன்.

"போட்டோ நிறைய இருக்கு. குரல்தான் மறந்துட்டே வருது. பொண்ணு கல்யாண வீடியோ இருக்கேன்னு எடுத்துப் போட்டேன். அவர் வாயசைச்சு எல்லாரையும் வாங்க வாங்கங்கிறார். கேட்கிறதெல்லாம் நாதஸ்வரம்தான். ஒரு வார்த்தை இல்லை."

கேசட்டை எடுத்துப் போட்டேன். அந்தச் சிரிப்பு வந்தது. கோமதி அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இது அவர் இல்லைப்பா. இது உங்க நாடகத்து ஆளு. இப்படி எங்க வீட்ல அவர் ஒரு நாளும் சிரிச்சதில்லை. வேற ஏதாவது? ஒரு 'கோமதி'ன்னு கூப்பிட்டது? ஒரு காபி கேட்டது?"

எங்கே போவேன்? நாடகங்களை நாங்கள் பதிவு செய்து வைத்ததில்லை. அத்தனை பேருக்கும் பெப்பர்மிண்ட் கொடுத்த மனிதரின் குரலில் மிஞ்சியது ஒரு கொலைகாரனின் சிரிப்புதானா என்று நினைக்க எனக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் அசல் கேசட் நினைவுக்கு வந்தது. சிரிப்பை மட்டும் வேறொன்றில் ஏற்றியதுபோக, அந்த மத்தியானத்தில் ஓடிய நாடா அப்படியே எங்கேயோ இருக்க வேண்டும். பரணில் ஏறித் தேடினேன். முறம், உளுந்து டப்பா, தகரத் தகடு, எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. ஊதித் துடைத்துப் போட்டேன்.

இரைச்சல். கடற்காற்று. கிட்டு, "ம், ஆரம்பிக்கலாம்" என்றார். சிரிப்பு கிளம்பியது, பாதியில் இருமலாக மாறியது. நீளமான, வறண்ட இருமல். பிறகு அவர் குரல், அசோக் நகர் வீட்டில் பேசுகிற அதே சாதுவான குரல்:

"இருங்கய்யா... தொண்டைக்குள்ள எவனோ ஒளிஞ்சிருக்கான். நம்ம கிட்டு எழுதின ஆளு போலிருக்கு, கடைசி சீன்லதான் வெளியே வருவான்."

கோமதி அம்மா கையை நீட்டி, எந்தப் பொத்தான் என்று கேட்டார். காட்டினேன். பின்னால் ஓட்டி மறுபடி கேட்டார். இன்னொரு தடவை. அவர் உதடுகள் கூடவே அசைந்தன.

"அவர்தான்" என்றார். "அவரேதான் தம்பி."

பிறகு, "அப்பவே சொல்லியிருக்காரே" என்றார்.

இந்த முறை நாடாவை அவர் நிறுத்தவில்லை, ஓடட்டும் என்று விட்டுவிட்டார். நாங்கள் சிரிக்கும் சத்தம் வந்தது. கிட்டு டிரங்குப் பெட்டியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எல்லோரையும் விட உரக்கக் கேட்டது என் சிரிப்பு. அது நீண்டுகொண்டே போனது.